குதிரையை எதை வைத்துப் படிப்பது? ஒன்பது வாரமாக இளநீர்ச் செலவு என் தலையில்

திருப்பூர் பனியன்காரன் | ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களுக்கு ஆர்டர் தரும் இங்கிலாந்து நிறுவனத்தின் தரப் பரிசோதகர் யார்க்ஷயர்க்காரர். வருடத்தில் நான்கு முறை வந்து தங்குவார். தையல் பிசிறைப் பார்க்கும் அதே கண்ணால் குதிரையையும் பார்க்கிறவர். இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தில் எது வெல்லும் என்று கணிக்கும் இந்தப் பைத்தியத்தை என் தலையில் ஏற்றியவர் அவர்தான்.

காசு பணம் எதுவும் கிடையாது. சனிக்கிழமை தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட்டு முடித்து நான் வீட்டுக்குக் கிளம்பும் ஆறு மணிக்கு அங்கே மதியம் ஒன்றரை. முதல் ஓட்டம் தொடங்கும் நேரம். அன்றைய ஓட்டங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து, ஓட்டத்துக்கு ஒரு குதிரை என்று இருவரும் முன்கூட்டியே எழுதி அனுப்பிக்கொள்வோம். குறைவாக வென்றவர் கணக்கில் ஓர் இளநீர் ஏறும். அடுத்த முறை அவர் வரும்போது தீர்க்க வேண்டும். ஒன்பது வாரமாக நான்தான் கடன்காரன்.

என் வழி எளிமையானது. ரேஸ் கார்டில், அதாவது அன்றைய ஓட்டங்களின் பட்டியலில், குதிரையின் பெயருக்கு முன்னால் அது முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்ற எண்கள் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பது கடைசி ஓட்டம். அது 1 என்றால் எடுப்பேன். இரண்டு குதிரைகளுக்கு 1 இருந்தால் பெயர் பெற்ற ஜாக்கி ஏறும் குதிரை. நேற்று செஸ்டர் மைதானத்தில் ஐந்து ஃபர்லாங் ஓட்டம் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்), பத்துக் குதிரைகள். நான் எடுத்தது கடைசி இரண்டு ஓட்டத்தையும் வென்ற ஃபேவரிட், அதாவது வெல்லும் என்று பலரும் நம்பிய குதிரை; கிளம்பும் இடம் 9ஆம் வாசல். ஆறாவதாக வந்தது. அவர் எடுத்த குதிரையின் கடைசி நான்கு எண்கள் 7, 0, 8, 5. பார்த்தவுடன் சிரித்தேன். 2ஆம் வாசலிலிருந்து கிளம்பி, யாரையும் முன்னே விடாமல் வென்றுவிட்டது.

இது அதிர்ஷ்டமா, படிக்கத் தெரிந்த வித்தையா? என் தாத்தா காங்கயம் பக்கம் மாடு பிடித்தவர். ‘சுழி பார்க்காமல் குதிரை எடுத்தால் இப்படித்தான்’ என்கிறார். கைப்பேசியில் எங்கே சுழி பார்ப்பது?

பொள்ளாச்சி ரேக்ளா | ஞாயிறு, காலை 8.02

செஸ்டர் ஒன்று போதும் உங்கள் தவற்றைச் சொல்ல. நம் ரேக்ளாவில் 200 மீட்டரோ 300 மீட்டரோ, நேர்த் தடம், கடிகாரம்தான் தீர்ப்பு. செஸ்டர் அப்படி அல்ல. 1539இலிருந்து குதிரை ஓடும் மைதானம், சுற்றளவே ஒரு மைலுக்குச் சற்று அதிகம், இடது பக்கமாக வளைந்துகொண்டே இருக்கும். ஐந்து ஃபர்லாங்கில் 9ஆம் வாசல் குதிரை வெளிவட்டத்தில் ஓடி முடிப்பதற்குள், 2ஆம் வாசல் குதிரை உள்வேலியை ஒட்டிப் போய்விடும். ஜாக்கி என்னதான் செய்வார், பாவம். மீதியை அந்தியூர்க்காரர் வந்து சொல்வார், தூங்கி எழட்டும்.

அந்தியூர் லாயக்காரர் | ஞாயிறு, காலை 11.45

நான் நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன்.

தம்பி, முதலில் உன் தாத்தாவின் கணக்கை முடித்துவிடுவோம். ஆடியில் எங்கள் ஊர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வந்து பார். ஒருவர் காளையின் முதுகுச் சுழியைத் தடவி, நல்லது என்ற பொருளில் ‘ஏறு பூரான்’ என்பார். வாங்க வந்தவர் அதே மயிரைத் தடவி ‘இறங்கு பூரான்’ என்று சொல்லி, துண்டுக்குள் ஒரு விரலை மடக்கி விலையைக் குறைப்பார். கெட்டிக்காரர் சுழியைத் தடவுவதுபோல் பாவனை செய்துகொண்டே கையைக் கீழே இறக்கி, முன்னங்கால் முட்டிக்குக் கீழே சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். உன்னுடைய ‘கடைசி எண் 1’ இருக்கிறதே, அதுவும் ஒரு சுழிதான் கண்ணு. காலைத் தொட்டுப் பார்க்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாய்.

நான் ஊட்டியிலும் பெங்களூரிலும் பதினெட்டு வருடம் லாய வேலை பார்த்தவன். பிறகு இங்கிலாந்தில், நியூமார்க்கெட்டில் ஏழு வருடம். என் தேர்வுகள் எல்லாம் பலித்தன என்று சொல்லமாட்டேன். பலித்தவற்றில் பெரும்பாலானவை, முந்தைய ஓட்டத்தில் தோற்றவை. அதனால் உனக்கு நான் சொல்லப்போவது ஒன்றுதான்: வென்ற ஓட்டத்தை விடு, தோற்ற ஓட்டத்தைப் படி.

ஏன் என்றால், வென்ற குதிரையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முக்கியமாக, எடை போடுகிறவர் பார்த்துவிட்டார். அங்கே பாதிக்கு மேற்பட்ட ஓட்டங்கள் ஹேண்டிகேப், அதாவது நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமன் செய்யும் ஓட்டங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணில் ஒன்று கூடினால் முதுகில் ஒரு பவுண்ட் கூடும். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதுதான் அந்த அதிகாரியின் ஆசை. வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை புது எண் வெளிவரும். வென்றவனுக்கு ஏறும், தோற்றுக்கொண்டே இருப்பவனுக்கு மெல்ல இறங்கும்.

நேற்றைய செஸ்டர் ஓட்டத்தைத் தேடிப் பார்த்தேன். உன் குதிரைக்கு இரண்டு வெற்றிக்கும் சேர்த்து 9 பவுண்ட் ஏறியிருக்கிறது. ஐந்து ஃபர்லாங்கில் ஒரு குதிரை நீளத்துக்கு ஏறக்குறைய 3 பவுண்ட் என்று கணக்கு வைப்பார்கள். ஒரு மைலில் 2 பவுண்டுக்குப் பக்கம், ஒன்றரை மைலில் அதைவிடவும் குறைவு. ஆக, கிளம்பும் முன்பே மூன்று நீளம் கடன். அதற்கு மேல் 9ஆம் வாசல். பரிசோதகரின் குதிரையோ போன வருடம் இருந்ததைவிட 11 பவுண்ட் குறைவு. அந்த 7, 0, 8, 5 எங்கே வாங்கியது என்று பார்த்தாயா? முதல் இரண்டும் இதைவிட ஒரு வகுப்பு உயர்ந்த ஓட்டங்கள். (0 என்றால் பத்தாவது அல்லது அதற்கும் பின்னால்.) மூன்றாவது சேற்றுத் தரையில். நான்காவதில் வாசல் திறந்தபோது பக்கத்துக் குதிரை இடித்துத் தடுமாறியது. நாலு தோல்விக்கும் நாலு காரணம், நேற்று நாலுமே இல்லை. உன் பரிசோதகர் பிசிறு பார்க்கிறவர்தான், சந்தேகமில்லை.

தோல்வியைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு எங்கள் லாயத்துக் கிழவர்கள், தடை தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் 1973ஆம் ஆண்டு ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். ஏன்ட்ரி மைதானத்தில் முப்பது தடை, ஏறக்குறைய நாலரை மைல். கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் சுமந்தது. ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்ட். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்ட், கணக்குப் போட்டால் 23 பவுண்ட் வித்தியாசம், பத்துக் கிலோவுக்கு மேல். கடைசித் தடையைத் தாண்டும்போதும் கிரிஸ்ப் வெகுதூரம் முன்னால். அதன் பிறகு கால் பின்னிக்கொண்டது. முக்கால் நீள வித்தியாசத்தில் ரெட் ரம் முந்தி வென்றுவிட்டது. வரலாறு ரெட் ரம்மைப் பாடுகிறது. நியாயம்தான், அது 1974இலும் 1977இலும் மறுபடி வென்றது. ஆனால் அந்த 1973 ஓட்டத்தின் எண்ணைப் பார்த்தால் கிரிஸ்புக்கு வெறும் ‘2’. அதே ஆண்டு பின்னால் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையில் ஓடியபோது கிரிஸ்ப் எளிதாக வென்றது. முதல் ஓட்டத்தைச் சரியாகப் படித்தவனுக்கு இரண்டாவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, தோல்விக்குக் காரணம் எங்கே தேடுவது? முதலில் தரை. ஒரு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீ பனியன்காரன் என்பதால் சொல்கிறேன். அவர்கள் ஃபர்ம் என்பது நம் களத்துமேடு. குட் என்பது மழை பெய்து நாலு நாள் கழித்து ஏர் பூட்டும் பதம். சாஃப்ட், வாய்க்கால் தண்ணீர் வடிந்த மறுநாள் வயல். ஹெவி, சேடை ஓட்டிய வயலேதான். மைதானத்தில் ஒரு கோலை மண்ணில் ஊன்றி, பிறகு சாய்த்து, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். நாம் கட்டை விரலால் செய்வது, அவ்வளவுதான். குளம்பு அகலமாக, முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடும் குதிரை சேற்றைப் பொறுத்துக்கொள்ளும். தரையை உரசினாற்போல் தாழ்வாக ஓடுவது சேற்றில் சிக்கும். நான் பார்த்துக்கொண்ட ஒரு கருஞ்சிவப்புப் பெட்டைக் குதிரை காய்ந்த தரையில் காற்று. மழை பெய்த அன்று காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அவள் எண்களில் வரும் 8, 9, 0 எல்லாம் மழைநாள். அதைத் தெரியாமல் படித்தவன் அவளை மட்டமான குதிரை என்றுதான் சொல்வான்.

அடுத்தது மைதானத்தின் வடிவம். ஒரே அச்சில் வார்த்த மைதானங்கள் அங்கே கிடையாது. எப்சத்தில் முதலில் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டே டாட்டன்ஹாம் வளைவில் திரும்ப வேண்டும். நேர்ப்பாதைக்கு வந்தாலும் தரை உள்வேலிப் பக்கம் சாய்ந்திருக்கும். கால் நிதானமில்லாத நெட்டைக் குதிரை அங்கே தள்ளாடும். அதே குதிரையை யார்க்கின் சமதரையில் விட்டால் வேறு பிராணி. நியூமார்க்கெட்டின் ரௌலி மைல் அகலமான நேர்ப்பாதை, கடைசியில் ஒரு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி முடியும். செல்டென்ஹாமில் கடைசி மேடுதான் எமன்.

இதையெல்லாம்விட நான் அதிகம் பார்ப்பது, கார்டில் நேராக எழுதப்படாத ஒன்றை. அந்த ஓட்டத்தில் யார் முன்னே போவார்கள்? சில குதிரைகளுக்கு வாசல் திறந்ததும் முன்னால் பாய்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் மனசு விட்டுவிடும். அப்படிப்பட்ட முன்னோடி ஒன்றே ஒன்று இருந்தால், அதன் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, சந்தைக்குப் போகிற மாதிரி மெதுவாக ஓட்டி, கடைசி இரண்டு ஃபர்லாங்குக்கு மூச்சை மிச்சம் வைத்துக்கொள்வார். பின்னால் இருப்பவை எவ்வளவு வேகமானவையாக இருந்தாலும் பிடிக்க முடியாது. முன்னோடிகள் மூன்று இருந்தாலோ, ஒன்றை ஒன்று விடாமல் விரட்டி, மூன்றும் கடைசியில் நாக்கைத் தொங்கப் போடும். கடைசியில் வந்தது அள்ளிக்கொண்டு போகும். ஆகவே மெதுவாகக் கிளம்பிய ஓட்டத்தில் பின்னாலிருந்து வந்து நான்காவதாக முடித்த குதிரை ஒன்றைக் கண்டால் நான் எழுதி வைத்துக்கொள்வேன். அந்த 4, பல 1களைவிடப் பெறுமதி. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரிக் குறிப்பு போடுவார்கள்: பின்னால் வைத்திருந்தார்கள், வழி கிடைக்கவில்லை, கடைசியில் நன்றாக வந்தது என்று. எண்ணைப் படிக்கும் நேரத்தில் அந்த ஒரு வரியைப் படி. முடிந்தால் ஓட்டத்தின் காணொளியைப் பார். வென்ற குதிரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்.

மற்றவை சில்லறை. முதன்முறையாகக் கண்பட்டை கட்டினால் கார்டில் குறியிருக்கும், சிலதுக்கு உதவும். மூச்சுக்குழாய் அறுவை செய்த குதிரைக்கு 2018இலிருந்து குறி போடுகிறார்கள். முழு மூச்சு கிடைக்காமல் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். பயிற்சி ஜாக்கி ஏறினால் 7, 5, 3 பவுண்ட் என்று அவருடைய அனுபவத்துக்கு ஏற்பச் சலுகை உண்டு.

ஓர் எச்சரிக்கை. காரணம் தேட ஆரம்பித்தால் எல்லாத் தோல்விக்கும் காரணம் கிடைக்கும். ‘தரை சரியில்லை, வாசல் சரியில்லை, ஜாக்கி சரியில்லை’ என்று ஐந்து ஓட்டத்துக்கு ஐந்து சாக்கு சொன்னால், ஆறாவது நாள் குதிரைதான் சரியில்லை. லாயக்காரன் சொல்லும் துப்பையும் நம்பாதே. ஏழு வருடத்தில் நான் தேய்த்த குதிரை தோற்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. காலையில் இருட்டோடு பனியில் வாரன் ஹில் பயிற்சி மேட்டுக்கு அழைத்துப் போகிறோம், அது மூக்கால் நம் தோளை இடிக்கிறது. அதன்பிறகு நியாயமாக யோசிப்பது எப்படி?

ஈரோட்டுக் கணக்குக்காரி | ஞாயிறு, இரவு 9.20

ஐயா சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு, கால்வாசிக்கு வாதம், மீதி கால்வாசி அவர் சொல்லவே இல்லை. வங்கியில் கடன் விண்ணப்பம் பார்ப்பது என் வேலை. அதனால் குதிரை எனக்கு இரண்டாவது, விலைதான் முதலாவது.

அண்ணா, நீங்களும் அவரும் வென்ற எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறீர்கள். அப்படி ஆடினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஃபேவரிட்டை எடுத்துவிடலாமே. அங்கே ஃபேவரிட் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை வெல்லும். ஆறு ஓட்டத்துக்கு இரண்டு கிடைக்கும், பல வாரம் உங்களுக்கு இளநீர் வரும். ஆனால் அது படிப்பு அல்லவே. விலையையும் சேர்த்துப் புள்ளி போட்டு ஆடுங்கள். 8க்கு 1 என்றால், 1 கட்டி வென்றால் 8 லாபம்; அதாவது ஒன்பதில் ஒரு வாய்ப்பு, 11 சதவீதம். 4க்கு 1 என்றால் 20 சதவீதம். ஓட்டத்தில் உள்ள எல்லாக் குதிரையின் சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள், 100ஐத் தாண்டும். நான்கு குதிரை, நான்கும் 5க்கு 2 என்ற விலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 28.6, கூட்டினால் 114. அந்த 14, பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் வீட்டு வாடகை. ‘இது வெல்லுமா’ என்று கேட்பதை விட்டு, ‘இது எத்தனையில் ஒரு முறை வெல்லும், விலை அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறதா குறைவாகச் சொல்கிறதா’ என்று கேளுங்கள்.

பெயர் பெற்ற ஜாக்கி விஷயத்துக்கும் இதுதான் பதில். 1996 செப்டம்பர் 28, ஆஸ்காட்டில் ஃப்ராங்கி டெட்டோரி ஏழு ஓட்டத்தில் ஏழையும் வென்றார். ஏழையும் சேர்த்துக் கட்டியவருக்கு 25,051க்கு 1. கடைசிக் குதிரை ஃபுஜியாமா க்ரெஸ்ட், காலையில் 12க்கு 1 விலையில் கிடந்தது. ஆறு வென்ற ஜாக்கி ஏறுகிறார் என்றதும் கூட்டம் மொய்த்து, கிளம்பும்போது 2க்கு 1. காலையிலிருந்து மாலைக்குள் குதிரைக்குப் புதிதாகக் கால் முளைக்கவில்லை. அது வென்றது என்பது வேறு விஷயம். வென்றதாலேயே அந்த விலை சரி என்று ஆகிவிடாது.

இப்போது வாதம். ஐயா கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களா?

அந்தியூர் லாயக்காரர் | திங்கள், காலை 5.30

வேண்டுமென்றேதான் அம்மணி. காய்ந்த தரையில் ஓடிய நேரத்தையும் சேற்றில் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் வைத்து என்ன செய்வது? எப்சத்தின் இறக்கத்தையும் செல்டென்ஹாமின் ஏற்றத்தையும் எப்படி ஒப்பிடுவது? ரேக்ளாவுக்குக் கடிகாரம் சரி.

ஈரோட்டுக் கணக்குக்காரி | திங்கள், காலை 8.15

இரண்டு நாளை ஒப்பிடச் சொல்லவில்லை ஐயா. ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே தரையில் ஏழு ஓட்டம் நடக்கிறது. அந்த ஏழையும் அந்தந்தத் தூரத்தின் வழக்கமான நேரத்தோடு பாருங்கள். ஆறு ஓட்டம் வழக்கத்தைவிட மெதுவாக முடிந்து, தாழ்ந்த வகுப்பு ஓட்டம் ஒன்று மட்டும் வேகமாக முடிந்தால்? தரை எல்லாருக்கும் பொதுவானது. வேகம் அந்த ஓட்டத்தின் குதிரைகளுடையது. நடுவில் உள்ள ஃபர்லாங்குகளுக்குத் தனித்தனி நேரமும் பல மைதானங்களில் கிடைக்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்களே, ‘மெதுவாகக் கிளம்பிய ஓட்டம்’ என்று. அதைத்தான் அந்த எண் சொல்கிறது.

அந்தியூர் லாயக்காரர் | திங்கள், காலை 8.50

ஒரே நாளுக்குள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். கிழவனுக்கு வெயிலில் கண் கூசுகிறது, எண் உதவட்டும். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுக் காணொளியைப் பார்க்காமல் விடாதே. முதுகில் ஜாக்கி சும்மா உட்கார்ந்திருந்தாரா, கையும் காலும் ஆட்டி விரட்டினாரா என்பது நேரத்தில் தெரியாது.

வேகப்புயல் | திங்கள், மதியம் 1.05

இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு இளநீருக்கா ஆடுகிறீர்கள்? எந்தச் செயலியில் பணம் கட்டலாம் என்று யாராவது சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமைக்கு நிச்சயமான ஒரு குதிரையும்.

ஈரோட்டுக் கணக்குக்காரி | திங்கள், மதியம் 1.40

இந்த இழையில் அது வேண்டாம். குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது உண்மை. அதற்காகத் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இல்லாமல் போய்விடவில்லை. நான் மேலே சொன்ன 14ஐ மறுபடி படியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறீர்கள்.

அந்தியூர் லாயக்காரர் | திங்கள், மாலை 6.30

நிச்சயமான குதிரை ஒன்று எனக்கும் தெரிந்திருந்தது, 1987இல், ஊட்டியில். நானே தேய்த்த குதிரை. அப்பா உழவு மாடு வாங்க வைத்திருந்த பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கழுத்தளவில் இரண்டாவதாக வந்தது. அந்த வருடம் பங்காளி வீட்டு மாட்டை இரவல் வாங்கித்தான் உழுதோம். அப்பா அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. அதற்கப்புறம் நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. ஊட்டி மைதான நிலத்தையும் 2024இல் அரசு எடுத்துக்கொண்டது.

1967 கிராண்ட் நேஷனலையும் கேட்டுக்கொள். ஆளில்லாமல் ஓடிய ஒரு குதிரை 23ஆவது தடைக்கு முன்னால் குறுக்கே பாய்ந்ததில், வந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. வெகுதூரம் பின்தங்கி வந்த ஃபோய்னாவன் ஓரமாக வழி பார்த்துத் தாண்டிப் போய் வென்றது. விலை 100க்கு 1. எந்த எண்ணைப் படித்தால் இது தெரிந்திருக்கும்?

திருப்பூர் பனியன்காரன் | வெள்ளி, இரவு 10.30

நான்கு நாளாக ராத்திரி பதினொரு மணி வரை காணொளிதான். மனைவி ‘நாடகமாவது பாருங்கள்’ என்கிறாள். நாளைக்கு நியூமார்க்கெட்டில் ஒரு மைல் ஹேண்டிகேப், ஒன்பது குதிரை, தரை நல்ல பதம். என் தேர்வைத் திருத்துங்கள் ஐயா.

3ஆம் எண் ஃபேவரிட். போன மாதம் நான் எடுக்க நினைக்கும் 7ஆம் எண்ணை இரண்டு நீளத்தில் தோற்கடித்தது. இருவரும் அன்று ஒரே எடை. ஒரு மைலில் நீளத்துக்கு 2 பவுண்ட் என்றால் 4 பவுண்ட் மேல். ஆனால் இப்போது 3க்கு 5 பவுண்ட் ஏறிவிட்டது, 7க்கு ஏறவில்லை. தாளில் பார்த்தால் 7ஆம் எண் 1 பவுண்ட் முன்னால். அதோடு அன்று கடைசி இரண்டு ஃபர்லாங்கில் 7ஆம் எண்ணுக்கு முன்னால் இரண்டு குதிரைகள் சுவர் மாதிரி நின்றன. ஜாக்கி நிறுத்தி, வெளியே இழுத்து, மறுபடி கிளப்பினார். வென்ற குதிரையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். விலை 8க்கு 1. ஆறில் ஒரு முறையாவது வெல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தியூர் லாயக்காரர் | சனி, காலை 6.10

நன்றாகப் படித்திருக்கிறாய். ஒன்றை விட்டுவிட்டாய்: முன்னோடிகளை எண்ணினாயா? நான் பார்த்த வரையில் அந்த ஒன்பதில் முன்னே போகிறது 1ஆம் எண் மட்டும்தான். அதை யாரும் விரட்டவில்லை என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடும். உன் 7 பின்னாலிருந்து வருவது. குதிரை சரி, ஓட்டம் அதற்கு ஏற்றதா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆறில் ஒன்று என்று சொல்லாதே, பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்.

ஈரோட்டுக் கணக்குக்காரி | சனி, காலை 9.00

பத்தில் ஒன்று என்றால் 8க்கு 1 விலை போதாது. விட்டுவிடுவதும் ஒரு தேர்வுதான் அண்ணா. கடன் விண்ணப்பங்களில் நான் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்கிறேன்.

திருப்பூர் பனியன்காரன் | ஞாயிறு, காலை 7.00

விட மனசு வரவில்லை. எடுத்துவிட்டேன்.

1ஆம் எண் தனியாக முன்னே போனது. ஐயா சொன்னது போலவே சந்தைக்குப் போகிற நடை. பள்ளத்தில் இறங்கும்போது மூன்று நீளம் முன்னால். 7ஆம் எண் பின்னால் ஏழாவது, எட்டாவது இடத்தில் இருந்து, மேடு ஏறும்போது ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. மூன்றாவது. கோட்டைத் தாண்டிய பிறகு இன்னும் பத்தடி போவதற்குள் இரண்டாவதைப் பிடித்துவிட்டது, பிரயோஜனமில்லை. ஃபேவரிட் ஐந்தாவது. பரிசோதகர் 1ஆம் எண்ணை எடுத்திருந்தார். இளநீர் பத்தாகிவிட்டது.

ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அந்த 7ஆம் எண் குதிரையின் பெயர், தேதி, ‘மெதுவாகக் கிளம்பிய ஓட்டம், பின்னாலிருந்து வந்து 3’ என்று எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எடை ஏற்றுகிறார்களா, அப்படியே விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தாத்தா புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘என்ன சுழி என்று எழுதவே இல்லையே’ என்றார்.